பலகையில் தமிழ்: தடுப்பது சட்டமா, கவுண்டரா?

சென்ற மாதம் ஓர் அக்கா என் அலுவலகத்துக்கு வந்தார். தையல் கடை வைத்திருப்பவர். இருபது ஆண்டுகளாக ஜாக்கெட் தைத்துத்தான் பிழைப்பு. கணவர் இல்லை, ஒரே மகன். கடை பினாங்கில் அல்ல, வட மாநிலங்களில் ஒரு சிறு பட்டணத்தில். எந்த ஊராட்சி மன்றம் என்று நான் எழுதப் போவதில்லை. விவகாரம் இன்னும் முடியவில்லை. கையில் ஒரு நோட்டீஸ் வைத்திருந்தார். கடையின் பெயர்ப்பலகை நிபந்தனைகளுக்கு ஏற்ப இல்லை, 14 நாட்களுக்குள் சரிசெய்ய வேண்டும், தவறினால் உரிமம் புதுப்பிப்பது பாதிக்கப்படலாம் என்று தேசிய மொழியில் நான்கே வரி.

கைத்தொலைபேசியில் இரண்டு படங்களைக் காட்டினார். முதல் படத்தில் மேலே கடையின் பெயர் தமிழில் பெரிதாக இருக்கிறது; அதன் கீழே ‘கெடாய் ஜாஹிட்’ என்று மலாயில் சிறிதாக. இரண்டாவது படத்தில் பலகையின் மேல் பாதி முழுக்கக் கறுப்பு. மகனை ஏணியில் ஏற்றி, பெயிண்ட் வாங்கி அடித்துவிட்டார். கறுப்புக்குக் கீழே ‘கெடாய் ஜாஹிட்’ மட்டும் தெரிகிறது.

“ஏன் அக்கா, அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

“லைசென்ஸ் போயிடுச்சுன்னா என்ன சார் பண்றது? கவுண்டர்ல போய்க் கேட்டேன். தமிழை எடுத்துடு, சரியாயிடும்னாங்க. எடுத்துட்டேன்.”

நோட்டீஸை மூன்று முறை படித்தேன். தமிழை அகற்று என்று அதில் எந்த இடத்திலும் இல்லை. எந்தத் துணைச்சட்டம், எத்தனையாவது விதி என்பதும் இல்லை. எழுத்தில் ஒன்று இருக்கிறது, கவுண்டரில் வாயால் சொன்னது வேறொன்றாக இருக்கிறது. நான் எழுத வந்தது இந்த இடைவெளியைப் பற்றித்தான். பலகைகளில் தமிழ் எழுத்து குறைந்துகொண்டே போவதற்குச் சட்டம்தான் காரணம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சட்டத்தைப் படித்தால் அப்படித் தெரியவில்லை.

சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது?

கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 152-ஆவது விதி மலாய்தான் தேசிய மொழி என்கிறது. அதில் நமக்கு எந்தச் சச்சரவும் இல்லை. அதே விதி, அதே மூச்சில், அதிகாரப்பூர்வ நோக்கங்களுக்கு அல்லாமல் வேறு எந்த மொழியையும் பயன்படுத்துவதை, கற்பிப்பதை, கற்பதை யாரும் தடைசெய்யவோ தடுக்கவோ கூடாது என்றும் சொல்கிறது. இந்த இரண்டாம் பாதியை மேடைகளில் யாரும் வாசிப்பதில்லை.

அப்படியானால் ‘அதிகாரப்பூர்வ நோக்கம்’ என்பது எது? அதற்கும் 152-ஆவது விதியின் 6-ஆவது உட்பிரிவில் விடை உண்டு: அரசாங்கத்தின் நோக்கம், பொது அதிகார அமைப்பின் நோக்கம். மெர்டேக்கா பல்கலைக்கழக வழக்கு இந்தச் சொற்களின் மீதுதான் நடந்தது. பினாங்கில் வழக்கறிஞராக இருந்து நீதிபதியான யூசோஃப் அப்துல்காதர் 1981-இல் உயர் நீதிமன்றத்தில் அதைத் தள்ளுபடி செய்தார். 1982-இல் கூட்டரசு நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. பல்கலைக்கழகம் என்பது பொது அதிகார அமைப்பு, ஆகவே சீன மொழியைப் பயிற்றுமொழியாகக் கொள்வது அதிகாரப்பூர்வ நோக்கத்துக்கான பயன்பாடு என்பது தீர்ப்பு. சிறுபான்மையினருக்குக் கசப்பான தீர்ப்புதான். ஆனால் அது போட்ட கோட்டின் மறுபக்கத்தைப் பாருங்கள். ஊராட்சி மன்றம் பொது அதிகார அமைப்பு. அதன் கடிதமும் அதன் அறிவிப்புப் பலகையும் தேசிய மொழியில்தான் இருக்க வேண்டும். தையல்கார அக்கா எந்த அதிகார அமைப்பு? அவர் கடைப் பெயர் அவருடைய சொந்த நோக்கம்.

அடுத்தது ஊராட்சி மன்றச் சட்டம் 1976. அதன் 102-ஆவது பிரிவு துணைச்சட்டம் இயற்றும் அதிகாரத்தை மன்றங்களுக்குக் கொடுக்கிறது. விளம்பரத் துணைச்சட்டங்கள் அதன் வழி வந்தவை. நாடு முழுக்கப் பெரும்பாலான மன்றங்களின் துணைச்சட்டங்களில் வாசகம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான்: பலகையில் தேசிய மொழி இருக்க வேண்டும்; வேறு மொழி சேர்ந்தால் தேசிய மொழி அதைவிட முதன்மையாக, தெளிவாக, பெரிதாக இருக்க வேண்டும். ‘வேறு மொழி சேர்ந்தால்’ என்ற சொற்களிலேயே அனுமதி அடங்கியிருக்கிறது. வேறு மொழி கூடாது என்றால் அந்தச் சொற்களுக்கு அங்கே வேலையே இல்லை.

தையல் கடைப் பலகையில் தவறு இருந்ததா? இருந்தது என்றுதான் நான் சொல்வேன். தமிழ் பெரிதாகவும் மலாய் சிறிதாகவும் இருந்தது. சரிசெய்யும் வழி, மலாயை மேலே பெரிதாக்கித் தமிழைக் கீழே வைப்பது. சில நூறு ரிங்கிட் செலவு. கறுப்புப் பெயிண்ட் அல்ல. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் இருப்பதாகச் சட்டத்தில் எழுதப்படவும் இல்லை.

முதன்மை விதியே அரசமைப்புக்கு முரண் என்று வாதிடும் நண்பர்கள் இருக்கிறார்கள். நான் அவர்களுடன் உடன்படவில்லை. வரிசையையும் அளவையும் நிர்ணயிப்பது ‘தடுப்பது’ ஆகாது என்று மன்றத்தின் வழக்கறிஞர் சொல்வார். நீதிமன்றம் அதை ஏற்கவே வாய்ப்பு அதிகம். தோற்கக்கூடிய வாதத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி, ஜெயிக்கக்கூடிய வாதத்தைக் கோட்டை விடும் பழக்கம் நம் இயக்கங்களுக்கு உண்டு.

107-ஆவது பிரிவு என்னும் கத்தி

பிறகு ஏன் அந்த அக்கா பயந்தார்? 107-ஆவது பிரிவுக்காகத்தான், அதன் எண் அவருக்குத் தெரியாவிட்டாலும். மன்றம் கொடுக்கும் எந்த உரிமத்தையும் எந்த நேரத்திலும், காரணம் எதுவும் சொல்லாமல் ரத்து செய்யலாம் என்கிறது அது. புதுப்பிக்க மறுப்பதற்கும் காரணம் சொல்லத் தேவையில்லை. ரத்தானால் நட்ட ஈடும் கிடையாது. துணைச்சட்டத்தை மீறினால் 104-ஆவது பிரிவின்படி உச்சபட்சத் தண்டம் 2,000 ரிங்கிட், அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். தொடர்ந்து மீறினால் நாளொன்றுக்கு 200 ரிங்கிட் வரை. ஆனால் சிறு வியாபாரி 2,000 ரிங்கிட்டுக்குப் பயப்படுவதில்லை. டிசம்பரில் உரிமம் புதுப்பிக்கப் போகும்போது திரையில் தன் பெயருக்கு எதிரே ஏதாவது குறி விழுந்திருக்குமோ என்றுதான் பயப்படுகிறார். தண்டத்தை எதிர்த்து மாஜிஸ்திரேட் முன்னால் நிற்கலாம். திரையில் விழுந்த குறியை எதிர்த்து எங்கே நிற்பது?

காரணம் சொல்லத் தேவையில்லை என்பதால் மன்றம் எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்பது பொருள் அல்ல. ஸ்ரீ லெம்பா என்ற 1979-ஆம் ஆண்டு வழக்கைச் சட்டம் படித்த எல்லோரும் அறிவார்கள். நிலத்தை உட்பிரிவு செய்யவும் பயன்பாட்டை மாற்றவும் ஒரு நிறுவனம் அனுமதி கேட்டது. நிரந்தர உடைமையை விட்டுக்கொடுத்து 99 ஆண்டுக் குத்தகையை ஏற்றுக்கொள், அப்போதுதான் அனுமதி என்றது நில அதிகாரத் தரப்பு. அந்த நிபந்தனைக்கும் கேட்ட அனுமதிக்கும் நியாயமான தொடர்பு இல்லை, அது செல்லாது என்றது கூட்டரசு நீதிமன்றம். பின்னாளில் பேராக் சுல்தானாகவும் மாமன்னராகவும் ஆன ராஜா அஸ்லான் ஷா அந்தத் தீர்ப்பை எழுதினார். சட்டம் தரும் ஒவ்வோர் அதிகாரத்துக்கும் சட்டப்படியான எல்லை உண்டு, எல்லையற்ற அதிகாரம் என்பது சர்வாதிகாரம் என்பது அதன் சாரம். ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும் உரிமத்துக்கும் பலகையில் தமிழே இருக்கக் கூடாது என்ற வாய்மொழி நிபந்தனைக்கும் என்ன தொடர்பு?

சரி, வழக்குப் போடலாமே என்பீர்கள். நீதிமன்ற மறுஆய்வுக்கு மனுச் செய்ய மூன்று மாதக் கெடு. செலவு பல ஆயிரம் ரிங்கிட். பலகையின் விலை சில நூறு. இந்தக் கணக்கு மன்றத்துக்கும் தெரியும், வியாபாரிக்கும் தெரியும். நம் நாட்டில் கடைப்பலகைத் தமிழுக்காக ஒரு தையல்காரர் நீதிமன்றப் படியேறியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இங்கே ஒரு முன்னெச்சரிக்கை. இதையெல்லாம் எழுதுவது தேசிய மொழியின் தகுதியைக் கேள்வி கேட்பதாகாதா, தேச நிந்தனை ஆகாதா என்று இளைஞர்கள் என்னிடம் கேட்பதுண்டு. 10-ஆவது விதியின் 4-ஆவது உட்பிரிவு 152-ஐக் கேள்விக்குள்ளாக்குவதைத் தடைசெய்ய நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் அதை எப்படி அமல்படுத்துகிறார்கள் என்று கேட்பதற்கு விலக்கும் தருகிறது. நான் கேட்பது அமலாக்கத்தை. இந்த வேலி இரண்டு பக்கமும் முள் உள்ளது என்பதையும் மறக்க வேண்டாம். 1978-இல் சபாவைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் மார்க் கோடிங், சீன, தமிழ்ப் பள்ளிகளை மூட வேண்டும் என்றும், அந்த மொழிகளைப் பலகைகளில் கட்டுப்படுத்த வேண்டும் என்றும் அவையில் பேசினார். பள்ளிகளை மூடச் சொன்னது குற்றமல்ல என்றது நீதிமன்றம். தேவைப்பட்டால் 152-ஐயே திருத்த வேண்டும் என்றாரே, அதுதான் தேச நிந்தனை என்று தீர்ப்பானது. ஆக, 152-இன் இரண்டாம் பாதியும் பாதுகாக்கப்பட்டதுதான்.

கடைத்தெருவில்

நான் தொழில் செய்வது ஜார்ஜ்டவுனில். லெபோ பாசாரை இன்னும் ‘கடைத்தெரு’ என்றுதான் நம் பெரியவர்கள் சொல்வார்கள். லெபோ குவினில் 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில், சற்றுத் தள்ளி 1801-இல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், நடுவில் பூக்கடை, மளிகைக்கடை, சேலைக்கடை. 2008 ஜூலை 7-ஆம் நாள் மலாக்காவுடன் சேர்த்து ஜார்ஜ்டவுனை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மூல வட்டாரமும் அதைச் சுற்றிய காப்பு வட்டாரமும் சேர்ந்து சுமார் 260 ஹெக்டர். எதற்காகச் சேர்த்தார்கள்? அழகான தூண்களுக்காக மட்டுமல்ல. ஆசியாவின் பல பண்பாட்டு மரபுக்கு உயிருள்ள சான்று என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. பல சமயம், பல இனம், பல மொழி.

அதே ஆண்டு நவம்பரில் மாநில அரசு பாரம்பரிய வட்டாரத்துச் சாலைகளில் பன்மொழிப் பெயர்ப்பலகைகளை வைத்தது. தேசிய மொழியோடு, இடத்துக்கு ஏற்ப ஆங்கிலம், சீனம், தமிழ், அரபு. அம்னோ எதிர்த்தது. நம்மவர்கள் பலகைக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டோம். நானும்தான் எடுத்துக்கொண்டேன்.

இப்போது வழக்கறிஞராக யோசித்துப் பாருங்கள். சாலைப் பலகை யாருடையது? பொது அதிகார அமைப்பினுடையது. அதில் தமிழ் இருக்கலாமா என்பதுதான் சட்டப்படி வாதத்துக்கு இடமுள்ள கேள்வி. தேசிய மொழிச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு, பொது நலனுக்காக மற்றச் சமூகங்களின் மொழியில் மொழிபெயர்ப்புகளைக் கூட்டரசும் மாநில அரசும் பயன்படுத்தலாம் என்று சொல்வதால்தான் அதற்கு ஒரு பிடிமானம் கிடைக்கிறது. கடைப்பலகையில் தமிழ் இருக்கலாமா என்பதில் வாதமே இல்லை, அரசமைப்பே நேரடியாகக் காக்கிறது. ஆனால் நடப்பு தலைகீழ். சட்டப்படி பலவீனமான தமிழ், சுற்றுப்பயணிகள் படம் எடுக்கும் இடத்தில் அரசாங்கச் செலவில் நிற்கிறது. சட்டப்படி பலமான தமிழ், சிறு வியாபாரியின் நெற்றியில் இருக்க வேண்டிய தமிழ், அபராதத்துக்குப் பயந்து சுருங்குகிறது. அலங்காரத்துக்குத் தமிழ் வேண்டும், ஆனால் அதை வைத்துப் பிழைப்பவன் சங்கடப்பட வேண்டும் என்றால் எப்படி?

பாரம்பரிய வட்டாரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2016-இல் அரசிதழில் வெளியான சிறப்பு வட்டாரத் திட்டமும் அதன் வழிகாட்டிகளும் பலகை எங்கே தொங்கலாம், எவ்வளவு பெரிதாக இருக்கலாம், கட்டடத்தின் முகப்பை மறைக்கக் கூடாது என்றெல்லாம் வகுக்கின்றன. நியாயமானவைதான். மூன்று மாடி உயரத்துக்குப் பிளாஸ்டிக் தாளை விரித்துத் தொங்கவிட்டுப் பழைய சுவரையே மூடிய கடைகளை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் பலகை சிறியதாகும்போது அதில் எத்தனை மொழிக்கு இடம்? மலாய் பெரிதாக இருந்தே ஆக வேண்டும், ஆங்கிலம் சுற்றுப்பயணிகளுக்காக. மூன்றாவதாக வரும் எழுத்துதான் வெளியே தள்ளப்படும். யாரும் உத்தரவு போடவில்லை. இரண்டு நியாயமான விதிகள் ஒரே பலகையின் மீது வந்து விழுந்ததால் வரும் விளைவு. சென்ற தலைமுறை இதைத் தூண்களில் எழுதித் தீர்த்தது. அஞ்சடியில் நடந்தால் இன்னும் சில கடைகளின் தூண்களில் சுண்ணாம்பு மேல் வண்ணத்தில் எழுதிய பழைய பெயர்களின் மிச்சம் தெரியும். சீனக் கடைகளின் செதுக்கிய மரப்பலகைகளைப் பாரம்பரியம் என்று வியக்கிறோம். தூணில் எழுதிய தமிழ், கடை கைமாறும்போது ஒரு பூச்சு வெள்ளையில் போய்விடுகிறது. 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளோடு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் முற்றாக நீங்கியது. அதன் பிறகு எத்தனை கடைகள் கைமாறின என்பதை ஜார்ஜ்டவுன்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மற்றவர்களைப் பார்ப்போம், நம்மையும் பார்ப்போம்

2024-இன் கடைசி மாதங்களில் கோலாலம்பூரில் மாநகர் மன்றம் பலகைகள் மீது நடவடிக்கை எடுத்தபோது நாடே இதைப் பேசியது. சுற்றுப்பயணத் துறை அமைச்சர் தியோங் கிங் சிங் சீன எழுத்துகள் குறிவைக்கப்படுகின்றன என்று கண்டித்தார். தேசிய மொழியை மதிக்க வேண்டும் என்று மறுதரப்பு பதிலடி கொடுத்தது. இரண்டு வாரச் சத்தம். அந்தச் சத்தத்தில் தமிழ் என்ற சொல்லை நான் மிகக் குறைவாகவே கேட்டேன். சீன வணிகர்களுக்குச் சங்கங்கள் உண்டு, அமைச்சர்கள் உண்டு. நம் பூக்கடைக்காரருக்கு யார்?

உலகத்தில் இந்தக் கேள்வியை அடி ஆழம் வரை வழக்காடித் தீர்த்தவர்கள் கனடாவின் கியூபெக் மாநிலத்தார். 1977-இல் வந்த மொழிச் சட்டம் கடைப்பலகைகள் பிரெஞ்சில் மட்டுமே இருக்க வேண்டும் என்றது. கம்பளி நூல் விற்கும் ஒரு சிறு கடைக்காரப் பெண், இரு மொழியில் பலகை வைத்ததற்காக நோட்டீஸ் பெற்றவர், வழக்காடினார். 1988-இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது: பிரெஞ்சுக்கு முதன்மை கேட்கலாம், மற்ற மொழியை விலக்கக் கூடாது. மாநிலம் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தித் தீர்ப்பைத் தாண்டியது. அடுத்து, ஈமச்சடங்கு நிலையம் நடத்திய ஓர் ஆங்கிலேயர் உட்பட மூவர் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழுவுக்குப் போனார்கள். 1993-இல் அந்தக் குழு சொன்னது: ஒரு நாடு தன் ஆட்சிமொழியைத் தேர்ந்தெடுக்கலாம், பொது ஆட்சிக்கு வெளியே ஒருவர் தாம் விரும்பிய மொழியில் பேசுவதை விலக்கக் கூடாது. அதே ஆண்டு கியூபெக் சட்டத்தைத் திருத்தியது. இன்றும் அங்கே பிரெஞ்சு மேலோங்கியே நிற்க வேண்டும். 2025 ஜூன் முதல் கடை முகப்பில் மற்ற மொழியைப் போல இரண்டு மடங்கு இடம் பிரெஞ்சுக்கு வேண்டும் என்ற விதியும் வந்துவிட்டது. ஆனால் மற்ற மொழியைக் கறுப்பு அடிக்கச் சொல்ல முடியாது. அந்த உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திடவில்லை. நமக்கு அது கட்டாயமில்லை. நமக்கு 152 இருக்கிறது, அதுவே போதும்.

ஒரு சங்கடமான விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டிலும் கடைப்பலகை விதி உண்டு. தமிழ் முதலில், பெரிதாக, பிறகு ஆங்கிலம், பிறகு மற்ற மொழி. 5:3:2 என்று விகிதமே சொல்வார்கள். சென்னையில் தமிழ் பெரிதாக இருக்க வேண்டும் என்று ஆணை வரும்போது இங்கே நாம் கைதட்டுகிறோம். அங்கே ஒரு மார்வாடிக் கடைக்காரர் எப்படி உணர்வார் என்று யோசித்ததுண்டா? பெரும்பான்மை மொழிக்கு முதலிடம் என்ற கொள்கையைச் சென்னையில் ஏற்றுவிட்டு ஈப்போவில் எதிர்க்க முடியாது. இலங்கையில் 1958-இல் எழுத்தின் மீது தார் பூசும் போட்டி எங்கே கொண்டுபோய் விட்டது என்பதும் நமக்குத் தெரியும். ஆகவே என் கோரிக்கை முதலிடம் பற்றியதல்ல. இரண்டாம் இடமோ மூன்றாம் இடமோ, அந்த இடம் எழுத்தில் உறுதியாக இருக்க வேண்டும், கவுண்டரில் இருப்பவரின் மனநிலையைப் பொறுத்து இருக்கக் கூடாது.

நம்மவர் வீட்டுக் குப்பையும் கொஞ்சம் உண்டு. லிட்டல் இந்தியாவில் நடந்து பாருங்கள். பெரிய சேலைக்கடை, நகைக்கடைகளில் எத்தனை பலகையில் தமிழ் இருக்கிறது? அவர்களை எந்த மன்றமும் தடுக்கவில்லை. ஆங்கிலம் இருந்தால் தரமான கடை என்ற எண்ணம். இருக்கும் தமிழும் எப்படி இருக்கிறது? பலகை அடிக்கும் கடையில் வடிவமைப்பவருக்குத் தமிழ் தெரியாது. கணினி மென்பொருளும் தமிழ் எழுத்தைச் சரியாகக் கோர்ப்பதில்லை. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், புள்ளி காணாமல் போயிருக்கும். கடைக்காரரும் பார்ப்பதில்லை, மாட்டிவிடுகிறார். மலாய் வாசகத்துக்குப் பல மன்றங்கள் டேவான் பஹாசா டான் புஸ்தாகாவின் சரிபார்ப்பைக் கேட்கின்றன. தமிழ் வாசகத்தைச் சரிபார்க்கச் சொல்பவர் யாருமில்லை. நம் ஊரில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இல்லையா? அச்சடிக்கும் முன் ஒரு படத்தை அவர்களுக்கு அனுப்பினால் ஐந்து நிமிட வேலை.

யாரிடம் கேட்பது?

1957-இல் ஜார்ஜ்டவுன் மாநகரமானபோது, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் முதல் மேயர் டி.எஸ். இராமநாதன். ஸ்காட் சாலை இன்று அவர் பெயரில் இருக்கிறது. 1965-இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன; 1976-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றுக்குச் சமாதி கட்டியது. பினாங்கு மாநிலம் 2012-இல் தேர்தலை மீட்கச் சட்டம் இயற்றியது. மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2023-இல் இராஜேந்திரன் அந்தோணி பினாங்குத் தீவின் மேயராக நியமிக்கப்பட்டபோது நம்மவர்கள் மகிழ்ந்தார்கள், மகிழ வேண்டியதுதான். ஆனால் இராமநாதன் காலத்தில் பலகைக்கு நோட்டீஸ் வந்த கடைக்காரர், அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்கிறேன் என்று தன் கவுன்சிலரிடம் சொல்லியிருக்க முடியும். இன்று சொல்ல முடியாது. உரிமத்தைக் காரணமின்றி ரத்து செய்யும் அதிகாரத்தையும், வாக்குக்குப் பதில் சொல்ல வேண்டாத பதவியையும் ஒரே அமைப்பிடம் கொடுத்திருக்கிறோம்.

தேர்தல் வரும்போது வரட்டும். இன்றே செய்யக்கூடியவை இருக்கின்றன; செலவும் பெரிதல்ல. விளம்பரத் துணைச்சட்டத்தின் விளக்கத்தைத் தமிழிலும் சீனத்திலும் நான்கு பக்கத்தில் வெளியிடலாம். மேலே சொன்ன 3-ஆவது பிரிவு இருக்கையில் மாநில அரசுக்குத் தயக்கம் தேவையில்லை. நோட்டீஸ் கொடுத்தால் எந்த விதி, எது தவறு, எப்படிச் சரிசெய்யலாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். சட்டம் கேட்காவிட்டாலும் மாநில ஆட்சிக்குழு பணிக்கலாம். பலகைத் தவறை உரிமப் புதுப்பிப்போடு கட்டிப்போடக் கூடாது. பாரம்பரிய வட்டாரத்தில் பழைய தமிழ், ஜாவி, சீனத் தூண் எழுத்துகளைப் பதிவுசெய்து, பூசி மறைக்கும் முன் அனுமதி கேட்க வேண்டும் என்று வழிகாட்டியில் ஒரு வரி சேர்க்கலாம். நம் சட்டமன்ற உறுப்பினர்கள் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலைத் தாண்டி இதையும் ஒருமுறை அவையில் எழுப்பட்டும்.

அதுவரை, நோட்டீஸ் கையில் வைத்திருக்கும் வியாபாரிகளுக்கு. முதலில் பெயிண்ட் வாங்காதீர்கள். பலகையைப் படம் எடுங்கள், தேதி தெரியும்படி. எந்தத் துணைச்சட்டம், எத்தனையாவது விதி என்று எழுத்தில் கேளுங்கள். கடிதத்தின் நகலில் மன்றத்தின் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். துணைச்சட்டம் மாநில அரசின் ஒப்புதல் பெற்று அரசிதழில் வந்தால்தான் செல்லும். வழிகாட்டி என்று சொன்னால் அது வேறு, அதை மீறியதற்காக மட்டும் உங்கள் மீது குற்றம் சாட்ட முடியாது. மலாய் சிறிதாக இருந்தால் அதைப் பெரிதாக்க அவகாசம் கேளுங்கள். தமிழை எடுக்கச் சொன்னால், அதை எழுதிக் கொடுங்கள் என்று பணிவாகச் சொல்லுங்கள். என் அனுபவத்தில், எழுதிக் கொடுங்கள் என்றதும் பாதி விவகாரம் அங்கேயே நின்றுவிடும். கம்பவுண்ட் வந்தால் மூலையில் போடாமல் தேதியைப் பாருங்கள். நாள் எண்ண ஆரம்பித்துவிடும்.

அந்த அக்காவுக்காக நான் மன்றத்துக்கு எழுதிய கடிதம் ஒன்றரைப் பக்கம். 152, துணைச்சட்டத்தின் சொற்கள், ஸ்ரீ லெம்பா. புதுப் பலகைக்கு வரைபடமும் இணைத்திருக்கிறேன்: மேலே மலாய் பெரிதாக, கீழே தமிழ். ஒரு தமிழாசிரியை எழுத்தைப் பார்த்துக் கொடுத்தார். பதில் இன்னும் வரவில்லை. உரிமம் டிசம்பர் 31-இல் முடிகிறது.